பச்சைப் பிரவுனியும் சீனி முகம்மதின் நிய்யத்தும்

சந்தேகம் என்று வந்துவிட்டால் சீனி முகம்மது தன் நிழலிடமே அடையாள அட்டை கேட்பார். தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனுக்கு சூப்பர்வைசராக இருந்த மனுஷன். தேதி முடிந்த சீஸ் டப்பாவைப் பெட்டியைப் பிரிக்காமலே மோந்து பார்த்துச் சொல்லிவிடுவாராம். சொன்னது அவர்தான். அப்பேர்ப்பட்ட மூக்கு எப்படி அறுபட்டது என்பதைக் கேளுங்கள்.

கீழக்கரையில் அவர் குடியிருக்கும் வீடு அவருடையது இல்லை. தப்பாக நினைத்துவிடாதீர்கள், ஊர் வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டும். அப்படி வந்து சேர்ந்து இருபத்தெட்டு வருஷம் ஆகிவிட்டது. நரை வந்தது, தொப்பை வந்தது, சர்க்கரை வந்தது. தெருவில் இன்னும் அவர் 'மாப்ள'தான். சர்க்கரை வந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. பேரிலேயே சீனியை வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஏன் போனீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ராமநாதபுரத்தில் ரத்தம் கொடுத்தார். மூணு மாச சராசரி எட்டு புள்ளி ஒன்பது. மகள் யும்னாவின் கல்யாணம் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து. ரிப்போர்ட்டைப் பார்த்த மனைவி தாஜுன்னிசா அழவில்லை, கத்தவில்லை. அதுவே அவருக்குச் சரியாகப் படவில்லை.

"மச்சான், கல்யாணத்துல மொத சஹன்ல சம்பந்தியோட ஒக்காருவீகல்ல?"

"பொண்ணோட வாப்பா நான். வேற யாரு ஒக்காருவா?"

"ஒக்காருங்க. நாலு பேரும் ஒரே தட்டுல பிரியாணி சாப்பிடுவாக. உங்களுக்கு மட்டும் பக்கத்துல ஒரு கிண்ணத்துல ஓட்ஸ் கஞ்சி வைப்பேன்."

"சம்பந்தி முன்னாடியா?"

"அவுக கண்ணு முன்னாடிதான்."

"வட்டிலப்பம்?"

கேட்கும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து ஆவியில் வெந்து, கரண்டி பட்டால் நடுங்கும் வட்டிலப்பம். அது இல்லாமல் ஒரு கல்யாணமா? அதுவும் பெத்த மகள் கல்யாணம்!

"ஏழுக்குக் கீழ கொண்டு வாங்க," என்றாள் தாஜுன்னிசா. "ஒரு கிண்ணம் முழுசா என் கையால தாரேன். ஆனா அதுவரைக்கும் நான் தார இனிப்பு மட்டுந்தான். வேற இனிப்புக்கு ஆசப்பட மாட்டேன்னு நிய்யத்து வைங்க."

நிய்யத்து என்றால் மனசார வைக்கிற எண்ணம். சீனி முகம்மதுக்கு ரொம்ப வசதியான சொல். மீன் வாங்கப் போய் டீக்கடையில் உட்கார்ந்து வெறும் பையோடு வந்தால், "வாங்கணும்ங்கிற நிய்யத்தோடதான் போனேன் தாஜு, நிய்யத்துதானே முக்கியம்" என்பார். அதையே இருபத்தெட்டு வருஷமாகச் சொல்லித் தப்பித்து வந்தவர். இப்போதும் யோசிக்காமல் வைத்தார்.

மறுநாள் சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கும், ஆறும், மறுபடி ஓடும். எட்டிப் பார்த்தார். சென்னையில் வேலை பார்க்கும் யும்னா செல்போனுக்குள் இருந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன அரைக்கிறே?"

"வெண்ண."

"வெண்ணய எவளாச்சும் அரைப்பாளா?"

"சூரியகாந்தி வெதையும் பூசணி வெதையும் வறுத்து அரச்ச வெண்ண. கொக்கோ போட்டுச் செய்யிற பிரவுனி கேக்குக்கு."

"அது கிளிக்கு வைக்கிறதுல்ல?"

"வாப்பா, இது வேகன்," என்றது போன். "பால் இல்ல, நெய் இல்ல, முட்டை இல்ல. குளூட்டனும் இல்ல."

"குளூட்டன்னா?"

"கோதுமை, மைதால இருக்கிற பசை மாதிரி ஒண்ணு."

"பசையா? இத்தன வருஷம் புரோட்டான்னு பசையவா தின்னேன்?"

"இனிமே கேழ்வரகு மாவு. சீனிக்குப் பதிலா ரெண்டு பேரீச்சம்பழம்."

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்னதான் இருக்கும் என்று அவருக்குப் புரியவில்லை. சாயங்காலம் நாலரைக்குத் தேயிலையோடு மிச்சம் வந்தது. மேலே கறுப்பு. வாயில் வைத்துக் கடித்தார். உள்ளே பச்சை! பாசி பிடித்த கிணற்றுச் சுவரின் பச்சை.

"தாஜு! இது என்னது?"

"ஆப்ப சோடாவும் சூரியகாந்தி வெதையும் சேந்தா பச்சயாத்தான் போகுமாம். எலுமிச்ச புழிஞ்சா சரியாயிரும்னு யும்னா சொல்றா. ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது, தின்னுங்க."

அவருடைய முன்பல் ஒன்று கொஞ்சம் கோணல். அந்தப் பல் பிரவுனியில் பதிந்ததோடு சரி, அதற்கு மேல் இறங்க மறுத்தது. "மாடியில காத்தாடத் தின்னுக்கிறேன்," என்று இன்னொரு துண்டையும் வாங்கிக்கொண்டு நழுவினார். கடித்ததைத் திருட்டுத்தனமாக ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டார். முழுத்துண்டை என்ன செய்வது? வீசக் கூடாது. ரிஸ்க்கு, அல்லாஹ் தந்த உணவு. அந்த விஷயத்தில் பயந்த மனுஷன். ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கொல்லை மதில் மேல் வைத்து, அந்தப் பக்கம் குரல் கொடுத்தார்.

"கனி லாத்தா! தாஜு செஞ்சது. ருசி பாருங்க!"

கனி லாத்தா தாஜுன்னிசாவுக்குப் பெரியம்மா மகள். அடுத்த வீடு. தெருவிலேயே கேக்குக்குப் பேர் போன கை. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுச் சாமானும் வெறுமையாகத் திரும்பாது. போனது கருவாடாக இருந்தாலும் திரும்பி வரும்போது உள்ளே ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

மறுநாள் டப்பா மதிலுக்குத் திரும்பி வந்தது. திறந்தார். உள்ளே சாக்லேட் கேக்கு. ஈரப்பதமாக, பளபளவென்று, மேலே லேசாக வெடித்து. வாயில் போட்டார். கண் தானாக மூடிக்கொண்டது. முட்டை! மைதா! நெய்! எல்லாம் இருக்கிறது! தம்மாமில் பழகிய மூக்கு சொன்னது, பொய்யா சொல்லும்?

அன்றைக்கே மாடியில் நின்று சபதம் செய்தார். தினமும் பச்சை போகும், தினமும் கேக்கு வரும். பொண்டாட்டிக்குப் பொண்டாட்டியும் ஆச்சு, நாக்குக்கு நாக்கும் ஆச்சு. நிய்யத்து? அவராகப் போய்க் கேட்கவில்லையே. டப்பாதானே தானாக வருகிறது.

திட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் சுகமாக இருக்கிற நேரத்தில் சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் அவர். முதலில் கனி லாத்தாவைச் சந்தேகப்பட்டார். தினமும் ஏன் சாக்லேட் கேக்கே வருகிறது? ஒரு பணியாரம், ஒரு தொதல் வரக் கூடாதா?

"மருமகன் துபாய்லேருந்து கொக்கோ மூட்டயா அனுப்பிட்டாக மாப்ள," என்றது மதிலுக்கு அந்தப் பக்கம். "தீரணும்ல?"

நியாயம்தான். பிறகு தாஜுன்னிசாவைச் சந்தேகப்பட்டார். அவருக்கு வருவது ஒரு துண்டு. மிக்ஸி ஓடுவதோ ஊருக்கே ஆக்குகிற மாதிரி. தனக்குப் பச்சையைக் கொடுத்துவிட்டு அவள் மட்டும் நல்லதாகச் செய்து தின்கிறாளோ? முட்டைத் தோடு இருக்கிறதா என்று குப்பைக்கூடையைக் கிளறினார். பேரீச்சங்கொட்டையும் எலுமிச்சைத் தோலும்தான் இருந்தன.

"என்ன மச்சான் தேடுறீக?"

"கண்ணாடி."

"மூக்கு மேல இருக்கு."

ஒருநாள் கனி லாத்தாவின் கேக்கிலேயே ஓரத்தில் பச்சையாக ஒரு புள்ளி. சீனி முகம்மது நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். மோந்து பார்த்தார். அரைமணி நேரம் ஆராய்ந்து, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். பிஸ்தா! துபாய் மருமகன் பிஸ்தாவும் அனுப்பியிருக்கிறார். அன்று லாத்தாவுக்கு மதில் வழியாக நன்றி சொல்லி, ரெண்டு மடங்கு துஆவும் செய்தார்.

எழுபது நாள் ஓடியது. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்தது. ரத்தப் பரிசோதனை நாள் வந்ததும்தான் கணக்குப் போட்டுப் பார்த்தார். எழுபது துண்டு கேக்கு! ஊசி குத்தும்போதே ஓட்ஸ் கஞ்சி கண்ணில் தெரிந்தது. சம்பந்தி சிரிப்பது காதில் கேட்டது.

ரிப்போர்ட் வந்தது. ஆறு புள்ளி மூணு.

சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. வேற சீனி முகம்மதின் ரத்தமாக இருக்குமோ என்று ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராக இன்னொரு லேபுக்குப் போய் இன்னொரு கையை நீட்டினார். அங்கேயும் ஆறு புள்ளி மூணு. வீட்டுக்கு வந்தவர் முகம் எட்டு புள்ளி ஒன்பது வந்தபோதுகூட அப்படி இல்லை.

"மாஷா அல்லாஹ்!" என்றாள் தாஜுன்னிசா. "அப்ப வட்டிலப்பம் உறுதி."

"ரிப்போர்ட் தப்பு."

"ரெண்டு லேபுமா?"

"ரெண்டும் தப்பு. வரவே வராது. வாரதுக்கு வழியே இல்ல."

"ஏன் இல்ல? எழுபது நாள் என் பிரவுனியத் தின்னீகல்ல?"

இந்த இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் "ஆமா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்திருப்பான். வட்டிலப்பம் வாய்க்கு வந்திருக்கும். ஆனால் கணக்கு இடித்தால் சீனி முகம்மதுக்கு உறக்கம் வராது.

"எங்க தின்னேன்? ஒன் பிரவுனியில ஒண்ணக்கூட நான் தின்னல! அம்புட்டையும் மதிலுக்கு அந்தப் பக்கம் தள்ளிட்டு, கனி லாத்தா கேக்கயில்ல தின்னேன்! முட்ட, மைதா, நெய்யி! எழுபது நாள்! எனக்கு எப்படி ஆறு புள்ளி மூணு வரும்?"

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

தாஜுன்னிசா அமைதியாகக் கொல்லைக் கதவைத் திறந்தாள்.

"லாத்தா! மாப்ள வாயாலேயே வந்துருச்சு!"

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றது மதிலுக்கு அந்தப் பக்கம். "எழுபது நாளா சிரிப்ப அடக்கி எனக்கு விலாவே நோவுதுடி!"

சீனி முகம்மது ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

"லாத்தா வீட்டு கேக்கு அடுப்பு ரிப்பேராகி ரெண்டு வருஷமாச்சு," என்றாள் தாஜுன்னிசா. "உங்களுக்கு வந்த கேக்கு பூராம் இங்கன நான் செஞ்ச பிரவுனி. அதே வெத வெண்ண, அதே கேழ்வரகு. எலுமிச்ச புழிஞ்சேன், பச்ச போயிருச்சு. ஒருநாள் மறந்துட்டேன். அன்னைக்கு மாட்டிக்கிட்டோம்னு நெனச்சா, நீங்க பிஸ்தான்னு லாத்தாகிட்டப் போயி நன்றி சொல்றீக!"

"அத எனக்கு நேரா தந்தா என்னடி?"

"ஒடம்புக்கு நல்லதுன்னு சொன்னாலே உங்களுக்கு நாக்கு கசக்கும். திருட்டுத்தனமாத் தின்னாத்தான் இனிக்கும். அன்னைக்கு அந்த ரிப்போர்ட்டப் பாத்ததும் எனக்கு ஈரக்கொல நடுங்கிருச்சு மச்சான். யும்னாவ ஒப்படைக்கயில நீங்க தெம்பா நிக்கணும்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த கணமே சந்தேகம் வந்தது.

"அப்ப தெனமும் எனக்குத் தந்த பச்ச?"

"மொத நாள் தட்டு. மொத்தம் ஒம்போது துண்டு, ஃப்ரீசர்ல இருக்கு. நான் உங்களுக்குத் தருவேன், நீங்க லாத்தாவுக்குத் தருவீக, லாத்தா கொல்ல வழியா எனக்குத் தருவாக. திங்கமாட்டீகன்னு தெரியும். பொறகு எதுக்குப் புதுசா செஞ்சு வீணாக்கணும்?"

சீனி முகம்மது நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மெல்ல எழுந்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"தாஜு, நில்லு. நான் தின்னது பூராம் நீ செஞ்ச இனிப்புதானே?"

"ஆமா."

"வேற இனிப்பு ஒண்ணத் தொட்டேனா?"

"தொடல."

"ஏழுக்குக் கீழ வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்ப எடு என் வட்டிலப்பத்த! சொன்ன சொல்லு மாறக் கூடாது! ஒரு கிண்ணம், முழுசா!"

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாஜுன்னிசாவை மடக்கிவிட்டோம் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது.

"தின்னது என் பிரவுனிதான், ஒத்துக்கிறேன்," என்றாள் அவள். "திங்கும்போது என்ன நிய்யத்து வச்சுத் தின்னீக?"

சீனி முகம்மது மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"முட்டைக்கும் மைதாவுக்கும் நெய்யுக்கும் ஆசப்பட்டுத்தானே? நிய்யத்துதானே முக்கியம் மச்சான்?"

சுவர்க் கடிகாரம் நாலரை காட்டியது. தாஜுன்னிசா தேயிலையும் தட்டும் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

தட்டில் இருந்த பச்சைத் துண்டின் ஓரத்தில், எழுபது நாளைக்கு முந்திய அவருடைய கோணல் பல் அச்சு அப்படியே பதிந்திருந்தது.