தோளுக்கு முன் சான்றிதழ்

மார்ச் 3: வலக்கை உயர்ந்தது 90 பாகை.
மார்ச் 24: 75 பாகை.
ஏப்ரல் 14: 60 பாகை. எழுதிய கடிதங்கள்: 4.

வாசகரே, தகுதி கேட்பவர் என்று ஓர் இனம் உண்டு. வலி வந்தால் மற்றவர்கள் வைத்தியம் தேடுவார்கள். இவர் வைத்தியம் செய்பவரின் மதிப்பெண் பட்டியலைத் தேடுவார். ஓய்வுபெற்ற பதிவாளர் ஒருவரைப் பாருங்கள். தோள் இறுகி, சட்டை மாட்டவே மனைவியின் தயவு வேண்டியிருந்த நாளில் பிசியோதெரபி நிலையத்துக்குப் போனார், கட்டிலில் உட்கார்ந்தார், அங்கிருந்த உதவியாளர் பெண் கையைத் தொடுமுன், கை உயரும் அளவைத் தாமே குறித்துவந்த நோட்டைத் திறந்தார்.

"எத்தனை வருஷம் படிச்சீங்கம்மா?"

"ரெண்டு வருஷம் டிப்ளமோ சார். ஆஸ்பத்திரியில பயிற்சி, அப்புறம் உரிமத் தேர்வு."

"உங்க தெரபிஸ்ட்?"

"அவங்க பட்டப்படிப்பே முடிச்சவங்க. அவங்க சொல்றதைத்தான் நான் செய்வேன். கையைக் கொடுங்க சார், இன்னும் விட்டா தூக்கவே முடியாது."

"உடற்கூறுல எத்தனை மார்க்?"

கை போகவில்லை. உரிமம் வழங்கும் கவுன்சிலுக்குக் கடிதம்தான் போனது.

அன்று மாலையே முடிவெட்டும் கடையில், கடைக்காரர் இவர் கழுத்தை இடமும் வலமும் திருகிக் 'கடக்'கென்று ஒரு சத்தம் எழுப்பியபோது, கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா!" என்றார். எந்தக் கல்லூரி என்று கேட்டாரா? மூச்!

"அந்தப் பொண்ணைக் கேட்டதுல பாதியை என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்போ கேட்டிருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்" என்றாள் மனைவி, சட்டைக் கையை மாட்டிவிட்டபடி.

ஐந்தாவது கடிதத்துக்குப் பிறகு கவுன்சில் வாய் திறந்தது: சிகிச்சை பெறுவோரின் விசாரணைக்கு மட்டுமே பதில், ஒரு வாரமாவது சிகிச்சை பெற்றதற்குச் சான்று இணைக்கவும்.

சான்று என்றால் அவருக்கு உயிர். கையைக் கொடுத்தார்.

"விரலாலயே சுவர்ல ஏறுங்க சார், பல்லி மாதிரி. இன்னும் கொஞ்சம்."

"ஐயோ, அம்மா!"

"அம்மா வரமாட்டாங்க. ஏறுங்க."

சான்று அனுப்பிய பிறகும் போனார். ஆறு வாரத்தில் 140 பாகை. சட்டையைத் தானே மாட்டிக்கொண்டார். நேரே எதிர்வீட்டுக்குப் போய், அங்கே தோள்வலி என்று முனகிக்கொண்டிருந்தவரைச் சுவரோரம் நிறுத்தி, "பல்லி மாதிரி ஏறுங்க" என்று அதிகாரமாகச் சொன்னார். இவர் படிப்பு? ஆறு வாரம்.

சிரிக்கிறீர்களா? போன மாதம் இன்னொருவர் இடுப்பை மிதித்துச் சரிசெய்தீர்களே, நீங்கள் எந்த வருடம் தேறினீர்கள்?

உதவியாளர் எல்லாத் தகுதியும் உடையவர் என்று கவுன்சிலின் கடைசிக் கடிதமும் வந்தது. பிரித்துப் படிக்கப் பதிவாளருக்கு நேரமில்லை. எதிர்வீட்டில் நோயாளி காத்திருந்தார். வந்த தேதி, ஜூன் 19.