பத்தொன்பது சோடிச் சப்பாத்தும் விலாசம் அண்ணனும்

கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தே செருப்புத் தேய்ந்த மனிதர் இந்தச் சப்ரகமுவ மாகாணம் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். எங்கள் விலாசம் அண்ணன். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கடைக்காரர்களுக்கு இணையதளம் செய்து கொடுப்போம். நான் புதிது, அவர் எனக்கு நாலைந்து வருடம் மூத்தவர். எந்தப் படிவத்தை நீட்டினாலும் தன் விலாசத்தை ஏழு வரியில் எழுதுவார். இடம் போதாவிட்டால் அம்புக்குறி போட்டுப் பின்பக்கம் போவார். வங்கியில் ஒரு பெண், "இது விலாசமா, வழி சொல்றீங்களா?" என்று கேட்டாளாம். "ரெண்டும் ஒண்ணுதாங்க மிஸ்" என்றாராம். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

பஜாரில் சப்பாத்து, செருப்புக் கடை வைத்திருந்த முதலாளி ஒருநாள் மாடியேறி வந்தார். பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறது, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் போனிலேயே சப்பாத்து வாங்க வேண்டும் என்றார். "இக்மனட்ட செய்ங்க, ஹரித?" என்று சிங்களமும் தமிழும் கலந்து அவசரப்படுத்திவிட்டுப் போனார்.

எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஷாப்பிங் கார்ட் லைப்ரரி என்று ஒன்று சும்மாவே கிடைக்கிறது. பொருளைக் கூடையில் போடுவது, எடுப்பது, ஆர்டர் அனுப்புவது எல்லாவற்றுக்கும் யாரோ புண்ணியவான் ஏற்கெனவே நிரல் எழுதி வைத்திருப்பார். நம் தளத்தோடு இணைத்தால் போதும். இரண்டு நாளில் இணைத்துவிட்டு அண்ணனிடம் பெருமையாகக் காட்டினேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவர் பல்லை மட்டும்தான் பார்த்தார்.

"தங்கச்சி, இதுல காம்பரா நம்பர எங்க போடுறது?" லயம் என்ற நீளமான வரிசை வீட்டில் ஒரு குடும்பம் குடியிருக்கும் அறைதான் காம்பரா.

"அதெல்லாம் கேக்காது அண்ணே. வீட்டு இலக்கம், வீதி, நகரம். அவ்வளவுதான்."

"எங்க லயத்துக்கு முன்னால வீதி இல்லியே. தண்ணி ஓடுற கானுதான் இருக்கு."

"சும்மா மெயின் ஸ்ட்ரீட்னு போடச் சொல்லுங்க."

"இல்லாத வீதியில போயி யாரு தேடுறது?"

அவர் வீதியை வெறுமையாக விட்டு அழுத்தினார். பெட்டி சிவந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி சிவந்தது. அரைமணி நேரம் அவரும் பெட்டியும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் பொறுமையிழந்து வீதியைக் கட்டாயமில்லை என்று மாற்றிவிட்டு, கூடவே இன்னொரு காரியமும் செய்தேன். ஒரே விலாசத்துக்குப் போகும் ஆர்டர்களை ஒரே பார்சலாகச் சேர்க்கும் வசதி அந்த லைப்ரரியில் இருந்தது. அனுப்பும் செலவு மிச்சமாகட்டும் என்று அதை இயக்கி வைத்தேன். சேர்த்த பிறகு முதல் ஆளின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பெயர்களை விட்டுவிடும் என்பதை நான் படித்துப் பார்க்கவில்லை.

தெரணியகலைப் பக்கம் ஒரு தோட்டம், அண்ணன் பிறந்து வளர்ந்ததும் அதுதான். தளம் திறந்ததும் அங்கிருந்து ஆர்டர் போட்ட மேல் டிவிஷன் ஆட்கள் எல்லோரும் விலாசம் என்ற இடத்தில் என்ன எழுதுவார்களோ அதையே எழுதியிருந்தார்கள்: தோட்டத்தின் பெயர். வெள்ளிக்கிழமை செல்லம்மா அக்கா என்பவரிடமிருந்து போன் வந்தது.

"தோட்டத்து ஆபீசுல கூப்புட்டு ஒரு மூட்டையக் குடுத்தாங்க. எனக்கு இருக்கிறது ஒரு புள்ள, அதுக்கு ரெண்டு காலு. பத்தொம்பது சோடி சப்பாத்த வச்சிக்கிட்டு நான் என்னங்க செய்றது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணன் சிரிக்கவில்லை. "திங்கக்கிழம பள்ளிக்கூடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சனியும் ஞாயிறும் அந்த மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கியிருக்கிறார். பெயர்தான் இல்லையே, அதனால் வாசலில் குந்தி ஒவ்வொரு பிள்ளையின் காலிலும் போட்டுப் பார்த்து, எது யாருடையது என்று கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை காலை பத்தொன்பது பிள்ளைகளும் புதுச் சப்பாத்தோடு போனார்கள். அண்ணன் ஒரு பக்கம் அறுந்த செருப்பை ஊக்கு குத்திக்கொண்டு அலுவலகம் வந்தார். என் மேசையில் ஒரு கொப்பியை வைத்தார். லயம், காம்பரா, அடையாளம் என்று வீடு வீடாக எழுதியிருந்தது. ஒரு வீட்டுக்கு நேரே, "நீலக் கதவு. நாய் குரைக்கும், கடிக்காது."

"ஏன் அண்ணே இவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டேன்.

பையிலிருந்து பழைய கடித உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். அரசாங்க வேலைக்கு நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதம். தோட்டத்து ஆபீசில் கட்டோடு கட்டாகக் கிடந்து, நேர்முகம் முடிந்து ஒன்பதாம் நாள் கைக்கு வந்ததாம்.

"அனுப்புனவங்களும் தப்பில்ல, கிளாக்கரும் தப்பில்ல தங்கச்சி. எங்க கதவு எதுன்னு யாருக்கும் தெரியல. எங்க வாசலுக்கு இன்னிக்கு வரைக்கும் எம்பேர்ல ஒண்ணும் வந்ததில்ல."

எனக்கு வெட்கமாக இருந்தது. சிரித்ததை நினைத்து அதைவிட வெட்கமாக இருந்தது. அன்றைக்கே இருவரும் உட்கார்ந்து லைப்ரரியின் விலாசப் பகுதியைக் கழற்றி, லயம், காம்பரா, அடையாளம் என்று மூன்று பெட்டிகள் சேர்த்தோம். பார்சல் சேர்க்கும் வசதியை நானே நிறுத்தினேன்.

புதிய பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க முதல் ஆர்டரை நான் போட்டேன். ஆண்கள் செருப்பு, ஒரு சோடி. மேல் டிவிஷன், பலாமரத்து லயம், ஏழாம் காம்பரா, பச்சைக் கதவு. முதலாளியின் திரீவீல்காரர் யாருக்கும் போன் போடாமல், ஆபீசுக்கும் போகாமல், நேரே போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்.

மறுநாள் அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு வந்தார். குதிகால் இரண்டும் அரை அங்குலம் வெளியே நின்றன.

"சைஸ் சின்னதுங்களே அண்ணே! கழட்டிக் குடுங்க, மாத்தித் தரச் சொல்றேன்."

அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு எம்பேர்ல வந்தத யாராச்சும் திருப்பி அனுப்புவாங்களா?"

அது தேயும்வரை அந்தக் குதிகாலோடுதான் நடந்தார். ஒரு மனிதரின் கால் அளவைத் தெரிந்து வைத்துக்கொள்ளாமல் போனதற்காக நான் இன்றைக்கும் வருந்துகிறேன்.