வெளியே போனால் ஹோம் ரன்

லெஸ்டர் ஃபிரிட்ஜிலிருந்து பீரைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, கூடத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல் எழுந்தது. விழுந்தடித்து ஓடினார். டிவியில் அவர்கள் ஊர் பேஸ்பால் அணியான ஹெரான்ஸ், பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டு ஹோம் ரன் அடித்திருந்தது.

"போச்சு! பார்க்காம விட்டுட்டேனே!"

"உக்காரு, மறுபடியும் போடுவான்" என்றாள் மனைவி நாடின்.

உட்கார்ந்தார். அடுத்தவன் அவுட். அவனுக்கு அடுத்தவனும் அவுட்.

நாடினின் தம்பி ட்வேன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "மச்சான், இன்னொரு பீர் எடுத்துட்டு வாங்களேன்."

"இதையே இன்னும் திறக்கலடா."

"பரவாயில்ல, போங்க."

போனார். இன்னொரு ரன் வந்தது. அவ்வளவுதான், லெஸ்டர் பார்த்தால் ரன் வராது என்று வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

லெஸ்டருக்கு வயிறு எரிந்தது. இருபத்தெட்டு வருஷம்! ஒவ்வொரு ஏப்ரலிலும் "இந்த வருஷம் பாரு" என்று மார்தட்டி, ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். இன்றைக்கு ஜெயித்தால் ஹெரான்ஸ் அடுத்த சுற்றுக்குப் போய்விடும். அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், பிறந்த பயனை அடைந்துவிடுவார்.

"இவன் போன வருஷம்தான் பேஸ்பாலே பார்க்க ஆரம்பிச்சான். இவன் சோபாவுல கால நீட்டிக்கிட்டு இருப்பான், நான் வெளிய நிக்கணுமா?"

"அவன் பார்த்தா ரன் நிக்கலையே" என்றாள் நாடின். "ஊருக்காகச் செய் லெஸ்டர்."

ஊருக்காகச் சமையலறையில் நின்றார். மைக்ரோவேவ் அடுப்பின் கதவுக் கண்ணாடியில் டிவி மங்கலாகத் தெரிந்தது. லேசாகக் குனிந்தார். எதிரணி ஒரு ரன் எடுத்தது.

"எட்டிப் பார்த்தியா?" கூடத்திலிருந்து நாடின் கத்தினாள்.

"நேரா பார்க்கல. கண்ணாடியிலதான்..."

"கராஜுக்குப் போ!"

கராஜில் ஒரு பழைய ரேடியோ இருந்தது. பார்க்கத்தானே கூடாது, கேட்டால் என்ன குறைந்துவிடும்? எறும்புக்குக்கூடக் கேட்காத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, காதோடு ஒட்டவைத்துக்கொண்டார். எதிரணி இன்னொரு ரன் எடுத்தது. இப்போது இரண்டு அணியும் சமம்.

கதவு படாரென்று திறந்தது. ட்வேன் கையை நீட்டினான்.

"ரேடியோவக் குடுங்க."

"டேய், நான் உன் அக்கா புருஷன்டா!"

"அதனாலதான் மரியாதையாக் கேக்கறேன். தெருவுக்குப் போங்க மச்சான்."

அக்டோபர் குளிரில், மேல்கோட்டுகூட இல்லாமல் தெருவுக்கு வந்தார். நடைபாதை ஓரத்தில் பக்கத்து வீட்டு வெர்ன் நாயோடு உட்கார்ந்திருந்தான். நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

"உன்னையுமா?" என்றார் லெஸ்டர்.

"நாலாவது இன்னிங்ஸ்லயே துரத்திட்டாங்க."

எதிர்வீட்டுக்காரர் காரின் ஒரே கதவைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த வீட்டு அம்மாள், ஒரு இலைகூட இல்லாத புல்வெளியை மும்முரமாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை.

லெஸ்டர் வெர்ன் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டார். சனியன் பிடித்த அணி! இதற்குப் பேசாமல் தோற்றே தொலைத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. உடனே பயந்துபோய் வாயில் போட்டுக்கொண்டார்.

திடீரென்று தெருவில் இருந்த அத்தனை வீடுகளும் ஒரே குரலில் அலறின. நாடின் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ஜெயிச்சிட்டோம் லெஸ்டர்! உன்னாலதான்!"

லெஸ்டர் குலுங்கிக் குலுங்கி அழுதார். எதையும் பார்க்கவில்லை, ஆனாலும் ஜெயித்துவிட்டார்கள். வெர்னைக் கட்டிப்பிடித்து உலுக்கினார்.

"நம்ம தண்டனை முடிஞ்சுதுடா! எழுந்திரு, உள்ள போலாம்!"

வெர்ன் எழுந்திருக்கவில்லை.

"எங்க முடிஞ்சுது? செவ்வாய்க்கிழமை அடுத்த சுத்து ஆரம்பம். அஞ்சு மேட்ச். வர்றப்ப நாற்காலியும் போர்வையும் எடுத்துட்டு வந்துடு."