தலைவரை அடிக்க ஆள் தேவை

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவதாக, தலைவரைப் பற்றிய ஆவணப்படத்தைக் கண்டுபிடித்தது. அதற்குமேல் கண்டுபிடிக்க எதுவும் இல்லை என்று தெரிந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அப்பேர்ப்பட்ட படம் ஒன்றுக்கு வசனம் எழுதும் பேறு எனக்குக் கிடைத்தது. 'தியாகக்கடல்' மாவளத்தானின் வாழ்க்கை வரலாறு. ஆவணப்படத்துக்கு எதற்கு வசனம் என்று சிலர் கேட்கிறார்கள். பொய் தானாகவே நன்றாகப் பேசும். உண்மைக்குத்தான் ஆள் வைத்து எழுத வேண்டியிருக்கிறது.

படத்தின் உயிர்நாடி காவிரிப் பால மறியல். பல வருஷங்களுக்கு முன்னால் தண்ணீர் கேட்டு, திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே பாலத்தை மறித்தார் தலைவர். தடியடி நடந்தது. தலைவர் அடி வாங்கினார் என்பது கட்சியின் 'அதிகாரபூர்வ நிலைப்பாடு'.

ஸ்ரீரங்கம் கட்சி அலுவலகத்தில் ஆலோசனைக் கூட்டம் கூடியது. இயக்குநர் ஆன்சி சென்னையிலிருந்து வந்திருந்த சின்னப் பெண். வெகுளி. அதனால் கேள்வி கேட்டார்.

"தடியடிக்கு உத்தரவு போட்டது யாருங்க? அதைக் காட்டணுமே."

கூட்டம் மொத்தமாகக் கனைத்தது. உத்தரவு போட்டவரின் கட்சியோடுதான் இப்போது நமக்குக் கூட்டணி.

"யாரும் போடல," என்றார் தலைவர். "யாரோ ஒரு போலீஸ்காரன். தனிப்பட்ட கோபம். மத்த போலீஸ்காரங்க தடுக்க முடியாம கண்ணீர் விடறாங்க. அப்படி வைங்க."

"உங்க வேஷத்துக்கு ஒரு நடிகரைப் போட்டுக்கலாமா சார்?"

"என் தியாகத்தை இன்னொருத்தன் செய்யறதா?" என்றார் தலைவர். தலைக்கு மை வாங்கிவர உடனே ஆள் போனது.

சிக்கல் போலீஸ் வேஷத்தில் வந்தது. தலைவர்மேல் லத்தி ஓங்க எந்தத் தொண்டரும் சம்மதிக்கவில்லை. கை அழுகிவிடும் என்றார் ஒருவர். அடுத்த தேர்தலில் சீட்டு அழுகிவிடும் என்றார் விவரம் தெரிந்த இன்னொருவர். கடைசியில் நான்தான் யோசனை சொன்னேன்: முன்னாள் விசுவாசிகளைக் கூப்பிடலாம். மாவட்டத்தில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் மனம் வெறுத்துப்போன நம் பழைய தொண்டர்களுக்கு வராது. துறையூரிலிருந்து மன்னார்புரம் வரை தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

உறையூரில் இரண்டு பேரைப் பிடித்தேன். ஒருவர் ரசூல், சைக்கிள் கடைக்காரர். கவுன்சிலர் சீட்டு தருவதாகச் சொல்லி, அதைத் தலைவரின் மச்சானுக்குக் கொடுத்துவிட்டதால் வெளியேறியவர். இன்னொருவர் மைக் செட் நல்லதம்பி. அடித்தவர்களோடு கூட்டணி வைத்த அன்று கரைவேட்டியை அவிழ்த்து மைக் பெட்டி துடைக்கப் போட்டவர். அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே கோணல்.

"தலைவரை அடிக்கணுமா?" என்றார் ரசூல். "சம்பளம் எதுவும் வேண்டாங்க. பஸ் காசுகூட நானே போட்டுக்கறேன்."

நல்லதம்பி மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். "படத்துல ஒரே ஒரு வரி வரணும் சார். நல்லதம்பிக்குப் பாலத்துல கை ஒடைஞ்சுதுன்னு. வேற ஒண்ணும் வேண்டாம்."

"எதுக்குங்க?"

"தலைவர் மேல விழுந்த அடியை நான் குறுக்கே போய் வாங்கினேன். கேஸ் போட்டுருவாங்கன்னு பயந்து, ஆஸ்பத்திரியில டிவிஎஸ் வண்டியிலேருந்து விழுந்துட்டேன்னு சொல்லிட்டேன். வீட்டுல ஆனந்தவள்ளி அதையே பிடிச்சுக்கிட்டா. அப்புறம் எத்தனை தடவை உண்மையைச் சொல்லியும் நம்பமாட்டேங்கறா."

"இன்னிக்கு வரைக்கும் அண்ணி இவனை வண்டி ஓட்ட விடறதில்லை," என்றார் ரசூல். "மைக் செட்டை டவுன் பஸ்ல தூக்கிட்டுப் போறான்."

"நான் சொன்னா நம்பமாட்டா. படத்துல வந்தா நம்புவா," என்றார் நல்லதம்பி.

சினிமாவின் மகத்துவத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. எழுதிவிடலாம் என்றேன்.

காவிரிப் பாலத்தை மறிக்க அனுமதி கிடைக்கவில்லை. எனவே ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் ஒரு வாய்க்கால் பாலம் காவிரிப் பாலமாக நடித்தது. அடிப்பவர் ரசூல். கண்ணீர் விடுபவர்கள் நல்லதம்பியும் மற்றவர்களும். எல்லோருக்கும் காக்கி உடுப்பு, ரப்பர் லத்தி. ஒரு லத்தி குறைந்ததால் ரசூலுக்கு மட்டும் பக்கத்துத் தோப்பிலிருந்து மூங்கில் வெட்டிக் கொடுத்தார்கள்.

"சும்மா ஓங்கினா போதும். நான் கட் சொல்லிடுவேன்," என்றார் ஆன்சி. "மத்தவங்க நேச்சுரலா இருங்க."

தலைவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ரசூல் ஓங்கினார். ஆன்சி கட் சொல்லித்தான் இருப்பார். ஆனால் மூங்கில் இறங்க ஆரம்பித்துவிட்டது. அதே நொடியில், ஓரமாகக் கண்ணீர் விடவேண்டிய நல்லதம்பி பாய்ந்துவந்து தலைவர்மேல் விழுந்தார். அடி அவருடைய இடது கையில் விழுந்தது. தலைவர் அவரைத் தள்ளிவிட்டு எழுந்து, வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மெய்சிலிர்க்கும் தத்ரூபம். அன்றும் இப்படியேதான் நடந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அன்று வேனுக்குப் பதில் ஆட்டோவாம்.

மாவுக்கட்டு போடும் இடத்தில் ரசூல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். "உன்னை யாருடா குறுக்கே வரச் சொன்னது?"

"தெரியல பாய். நீ ஓங்கினதும் கால் தானா போயிடுச்சு."

"கட்சியை விட்டுத்தான் வந்துட்டியே."

"நான் வந்துட்டேன். காலுக்கு யாரும் சொல்லல போலிருக்கு."

எடுத்த காட்சிகளைத் தலைவர் போட்டுப் பார்த்தார். வேனில் ஏறியதை வெட்டச் சொன்னார். ரசூலையும் மூங்கிலையும் வெட்டச் சொன்னார். மிச்சம் இருந்தது, காக்கி உடுப்பு ஒன்று தலைவர்மேல் வெறியோடு பாய்ந்து அவரைத் தரையில் சாய்க்கும் காட்சி. "இது போதும். பிரமாதம்," என்றார். ஆன்சி அதற்குமேல் கேள்வி கேட்காமல், கறுப்பு வெள்ளையாக்கி நாலு கீறல் போட்டுக் கொடுத்தார். கீறல் விழுந்ததும் அது 'அசல் காட்சி' ஆகிவிட்டது.

மன்னார்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. நல்லதம்பி மாவுக்கட்டோடு முதல் வரிசையில் இருந்தார். பக்கத்தில் பட்டுப்புடவையில் ஆனந்தவள்ளி. அவர்களுக்குப் பின்னால் ரசூல்.

"இப்ப வரும் பாரு," என்றார் நல்லதம்பி.

வந்தது. திரையில் காக்கி பாய, மண்டபம் அதிர என் வசனம் ஒலித்தது: "சொந்தப் பகையில், தலைவரைச் சாய்த்தான் ஒரு கயவன்."

ஆனந்தவள்ளி புருஷனைத் திரும்பிப் பார்த்தார். "ஏங்க, நீங்க எப்பங்க போலீஸ்ல சேர்ந்தீங்க?"

உடனே மேடையிலிருந்து நல்லதம்பிக்கு அழைப்பு வந்தது. தலைவர் நல்லதம்பியைத் தோளோடு அணைத்து, மாவுக்கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்தார். சொந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருந்ததால் அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது.

"இந்தக் கைதான் அன்று என்மேல் விழுந்தது. இன்று, உங்கள் முன்னிலையில், இவரை நான் மன்னிக்கிறேன்."

கைத்தட்டலில் கூரை எழும்பியது. நல்லதம்பி வாயைத் திறந்தார். அதற்குள் மைக் அடுத்த பேச்சாளரிடம் போய்விட்டது.

கீழே ரசூல் முன்பக்கம் குனிந்து ஆனந்தவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பாலம், ஆட்டோ, வாய்க்கால், மூங்கில், வேன்.

"அப்ப நெசமாவே வண்டியிலேருந்து விழலையா?"

"வண்டி மேல ஒரு தப்பும் இல்ல அண்ணி. மேல நிக்கறாரே, இவருக்காகத்தான் கையைக் கொடுத்தான். ரெண்டு தடவை."

ஆனந்தவள்ளி மேடையில் நின்ற தலைவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். "இந்த ஆளுக்காகவா?" என்றார். "வண்டியிலேருந்து விழுந்தாருன்னு சொல்லிக்கிட்டிருந்தது எவ்வளவோ மரியாதையா இருந்துச்சு, பாய்."

படம் மகத்தான வெற்றி. தலைவரின் பெருந்தன்மையைப் பற்றி ஊரே பேசுகிறது. தன்னை அடித்தவனை மன்னித்த தலைவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். தனக்காக அடி வாங்கியவனையே மன்னித்த தலைவர், எனக்குத் தெரிந்து, இவர் ஒருவர்தான்.