நடக்காத மண்சரிவு குறித்துச் சம்பந்திக்கு விளக்கம்

சூரியநெல்லி,
நள வருடம், ஆடி மாதம், வியாழக்கிழமை.

கம்பம்மெட்டில் ஏலக்காய் வாணிபம் நடத்திவரும் மதிப்பிற்குரிய சம்பந்தி குருசாமி அவர்கள் சமூகத்துக்கு, சூரியநெல்லித் தேயிலைத் தொழிற்சாலையின் தலைமை எழுத்தர் சுருளிவேல் பணிவுடன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் நானும், என் மனைவி சாந்தம்மாளும், தங்கள் மருமகள் அழகுத்தாயும், இன்னும் பெயர் வைக்கப்படாத தங்கள் பேரனும் நலம். அவ்விடத்தில் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று அடுத்த வரியில் எழுதுவதே முறை. ஆயினும் தங்கள் அஞ்சலட்டையை நேற்று வாசித்த பிறகு அவ்வாறு எழுத என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. அதில் தாங்கள் பயன்படுத்தியிருக்கும் சொற்களில் சில, உறையிலிட்டு ஒட்டி அனுப்பத் தக்கவை. அஞ்சலட்டை ஆனபடியால் எனக்கு முன்பே தபால்காரரும், அவர் வழியாக டீக்கடையில் இருந்த அனைவரும் வாசித்துவிட்டார்கள். கடைக்காரர் ஒரு வரியை என்னிடமே ஒப்பித்தும் காட்டினார்.

‘உம்முடைய நடுரோட்டுக் கூத்தை ஏலக்காய் ஏற்ற வந்த ஆட்கள் சொல்லி அறிந்தேன். இனி என் பேரனை உம்மிடம் விட்டுவைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மகன் வருவான். தாயையும் பிள்ளையையும் அனுப்பிவையும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணை மூன்றாம் மாதம் நிறைந்து, நல்ல நாள் பார்த்து, பெற்றவன் சீரோடு கொண்டுவந்து விடுவதே நம் இரு குடும்பத்துக்கும் வழக்கம். பேரன் பிறந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. இப்போதே மாப்பிள்ளை வந்து அழைத்துப் போனால், தலைமை எழுத்தரை நம்பிப் பிள்ளையை விடவில்லை என்று இந்த மலை முழுவதும் பேசும். பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். பேரன் இந்த வாரம்தான் என் குரலைக் கேட்டுத் தலையைத் திருப்பத் தொடங்கியிருக்கிறான். இப்போது கொண்டுபோனால் அடுத்தமுறை நான் யாரோ. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துப் பார்த்து, மாப்பிள்ளையை அனுப்பும் முடிவைத் தாங்கள் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

நான் ஏன் இப்படி எதற்கும் முன்கூட்டியே தயாராக நிற்கிறேன் என்று பலரும் கேட்கிறார்கள். எங்கள் தொழிற்சாலைச் சுவரில் தீயணைப்புக்காக மணல் நிரப்பிய சிவப்பு வாளிகள் தொங்குகின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அங்கே தீப்பிடித்ததில்லை. வாளிகள் இருப்பதால்தான் பிடிக்கவில்லை என்பது என் துணிபு. ஸ்டோரில் வேலை செய்யும் சந்தனம் இதை ஒப்புக்கொள்வதில்லை. “கிளார்க்கய்யா, வாளி தொங்குறது தீக்குத் தெரியுமாய்யா? தெரிஞ்சா, மணல்ல நாங்க வெத்தல துப்புறதும் அதுக்குத் தெரிஞ்சிருக்கும்லா?” என்று கேட்டார். துப்புவது குறித்து அன்றே சுற்றறிக்கை அனுப்பினேன். மற்றக் கேள்விக்கு இன்னும் விடை யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் மனைவியின் கருத்து வேறு. “ஒங்களுக்குப் பயம். அதுக்குச் சட்ட மாட்டி, பித்தான் போட்டு, முன்னேற்பாடுன்னு பேரு வச்சிருக்கீங்க” என்கிறாள். உண்மையைச் சொன்னால், பிரசவம் நெருங்கும் வீட்டில் பெண்கள் எல்லாருக்கும் ஏதாவது வேலை இருக்கிறது. வெந்நீர் வைக்கிறார்கள், பழந்துணி கிழிக்கிறார்கள், மருந்து இடிக்கிறார்கள். பெற்ற தகப்பனுக்கு மட்டும் வாசலில் நடப்பதைத் தவிர ஒன்றும் ஒதுக்கப்படவில்லை. எனக்குப் பீடிப் பழக்கமும் கிடையாது. ஆகவே திட்டம் தீட்டினேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து பூப்பாறை இறங்கும் சாலையில், ஒரு பக்கம் மலை சாய்ந்து நிற்கும் வளைவு ஒன்று உண்டு. தாங்களும் கல்யாணத்துக்கு வந்தபோது அந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மழைக்காலத்தில் அந்த மலை சரிந்து விழுந்தால் தோட்டத்து ஜீப் மேலே வர முடியாது. அழகுத்தாயை மூங்கிலில் கம்பளி கட்டிய தூளியில் கிடத்தி, நால்வர் சுமந்து, சரிவைத் தாண்டிக் கீழே நிற்கும் ஜீப்பில் ஏற்ற வேண்டும். தோட்டத்து மருத்துவச்சி அன்னாள் கூடவே நடந்துவர வேண்டும். முன்னால் விசிலும் சிவப்புக் கொடியுமாக நான். இதில் யாதொரு குறையும் தாங்கள் காண முடியாது. ஒருமுறை நடத்திப் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. பிள்ளைத்தாய்ச்சியைத் தூளியில் ஏற்றி விளையாடக் கூடாது என்று சாந்தம்மாள் கையை விரித்து வாசலை மறித்ததால், பாரத்தில் ஏறக்குறைய அவளை ஒத்திருந்த சந்தனத்தை அமர்த்தினேன். “படுத்துக் கெடந்தாப் போதுமாய்யா, இல்ல மொனங்கணுமா?” என்று கேட்டார். இயல்பாக இருக்கும்படி சொன்னேன். “அப்ப மொனங்குதேன்” என்றார்.

ஒத்திகைக்கு முதல் நாள் அழகுத்தாய், “அப்பா, நாளைக்கே எனக்கு வலி வந்துட்டா?” என்று கேட்டாள். அதற்கும் ஏற்பாடு செய்திருந்தேன். வலி கண்டவுடன் விசில் ஊத வேண்டியது, ஒத்திகை அந்தக் கணமே நிறுத்தப்படும். விசில் ஒன்றே ஒன்றுதான் என்பதும், அது என் கழுத்தில் தொங்கும் என்பதும் அப்போது என் கவனத்துக்கு வரவில்லை.

குறித்தபடி காலையில் புறப்பட்டோம். முன்தூக்கி பெரியமுத்து. தூளிக்குப் பக்கத்தில் அன்னாள். சந்தனம் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே முனகினார். முனகல் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு எட்டியது. தூளியில் போகிறவர் பிழைப்பதரிது என்பது அங்குள்ளோர் அனுபவம். ஆதலால் சந்தனத்தின் மனைவி குருவம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்து, “ஏய்யா, காலைல கஞ்சி குடிச்சிட்டு நல்லாத்தானய்யா போன!” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். சந்தனம் தலையைத் தூக்கி, “ஏட்டி, சத்தம் போடாத. எனக்குப் பிரசவ ஒத்திகை” என்றார். குருவம்மாள் அழுகையை நிறுத்தினாள். பிறகு, “ஆறு பெத்தவ நான் நிக்கேன். எனக்கு ஒரு தூளி வந்துச்சா? ஒரு கொடி வந்துச்சா? மீசைக்காரனுக்கு வந்திருக்கு!” என்று பெரியமுத்துவை ஏசினாள். என்னை நேரே ஏசவில்லை. ஏச்சு முழுவதும் என்னைப் பார்த்தபடியே இருந்தது.

வளைவை அடைந்ததும் சாலைக்குக் குறுக்கே மூங்கில் ஒன்றைக் கிடத்தி, கொடியை உயர்த்தி, ‘சாலை சரிந்துவிட்டது’ என்று உரக்க அறிவித்தேன். அறிவித்து முடிப்பதற்குள் மேலேயிருந்து காலை பஸ் வந்து நின்றது. மலையாளத்துக்காரரான கண்டக்டர் இறங்கி வந்தார்.

“எந்தா சாரே, கொடி எதுக்கு?”

“சாலை சரிந்துவிட்டது.”

அவர் சாலையைப் பார்த்தார். காலால் இரண்டு முறை மிதித்தும் பார்த்தார். “ரோடு நல்லா உண்டல்லோ!”

“கண்ணுக்கு உண்டு. ஒத்திகைப்படி இல்லை.”

“அப்ப வண்டி எப்பிடிப் போகும்?”

“போக முடியாது என்பதைத்தான் தெரிவித்துக்கொண்டிருக்கிறேன்.”

“சாரே, இப்ப எமர்ஜென்சி. வண்டி லேட்டாயா என் ஜோலி போகும். நாடு முழுக்க ஒண்ணு நடக்கும்போ சாருக்குத் தனியா இன்னொண்ணு வேணமா?”

பிரசவ வேதனையில் ஒருவர் இருக்கிறார் என்று தூளியைச் சுட்டினேன். சந்தனம் மீசையை ஒதுக்கிக்கொண்டு கும்பிட்டார். கண்டக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்போது பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், “நெசமாவே ஒருத்தி இங்க வலியில துடிக்கிறா, வழிய விடுய்யா!” என்று கூவியது. நான் பொறுமை இழக்காமல், “அம்மா, தங்கள் நிலை எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த ஒத்திகை குறித்து எல்லா லயங்களுக்கும் முன்னறிவிப்பு கொடுத்திருக்கிறேன். தங்கள் தரப்பிலிருந்து அறிவிப்பு எதுவும் எனக்கு வரவில்லை” என்று பதில் சொன்னேன். “அறிவிப்பா? பேசுறது ஒம்ம பொண்டாட்டி!” என்றது குரல்.

நாங்கள் லயத்தைத் தாண்டுவதற்குள் அழகுத்தாய்க்கு வலி கண்டுவிட்டதாம். மருத்துவச்சி என்னோடு. ஜீப் என் உத்தரவின்படி கீழே. சுமக்கும் ஆட்கள் என்னோடு. தாயும் மகளும் வேறு வழியின்றி, எல்லாரும் போகும் பஸ்ஸில் ஏறியிருக்கிறார்கள். ஜன்னலில் அழகுத்தாயின் முகம் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, “அப்பா... அந்த மண்ணச் சீக்கிரம் அள்ளிப் போடுங்கப்பா” என்றாள்.

சம்பந்தி அவர்களே, கொடியைத் தாழ்த்த வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. கை தாழவில்லை. விசிலை வாயில் வைத்தேன், ஊதவும் இல்லை, எடுக்கவும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. சந்தனம்தான் தூளியிலிருந்து குதித்து, மூங்கிலைத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தார். மண்சரிவை நோயாளியே எழுந்து வந்து அகற்றியதாகத் தாங்கள் கேள்விப்பட்டது உண்மை. பிறகு எனக்குப் பேச்சு வந்தது. வந்த பேச்சு சரியானதன்று என்று இப்போது எண்ணுகிறேன். “எல்லாம் தயாராக இருக்கிறது. அழகுத்தாயை இறக்கித் தூளியில் கிடத்துங்கள்” என்றேன். “ஓடுற வண்டியில இருக்கிறவள எறக்கி, நாலு பேரு தோளுல ஊர்வலம் விடணுமா? அன்னாளு, நீ ஏறு. ஏங்க, வர்றதுன்னா நீங்களும் ஏறுங்க, கொடிய மட்டும் கீழ போட்டுட்டு” என்றாள் சாந்தம்மாள். ஏறினேன். கண்டக்டர் எனக்குச் சீட்டுக் கிழித்த பிறகே தம் விசிலை ஊதினார். அது விதிப்படி சரி. சந்தனமும் வயிற்றைப் பிடித்தபடி ஏறிவிட்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

அதன் பின் பஸ் எங்கும் நிற்கவில்லை. பூப்பாறையில் இறங்க வேண்டியவர்கள் ஒருவர்கூட நிறுத்தச் சொல்லவில்லை. வளைவுக்குக் கீழே எங்கள் ஜீப் நின்றது. நாங்கள் கையசைத்தோம், ஓட்டுநரும் கையசைத்தார். தூளி வரும்வரை நகரக் கூடாது என்ற என் உத்தரவை மதித்து மாலை வரை அங்கேயே நின்றிருக்கிறார். அன்று பிழையின்றி நடந்துகொண்டவர் அவர் ஒருவரே. போடிமெட்டுச் சோதனைச் சாவடியில் கண்டக்டர் படிக்கட்டில் தொங்கியபடி “பிரசவம், பிரசவம்!” என்று கத்தினார். குறுக்குக் கம்பு மேலே போயிற்று. யாரும் அதற்கு ஒத்திகை பார்த்திருக்கவில்லை. போடி ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். நானும் சந்தனமும் கண்டக்டரும் வாசலில் நடந்தோம். கண்டக்டர் பீடி நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பற்றவைக்கத் தெரியவில்லை. அதற்குள் தங்கள் பேரன் அழுகிற சத்தம் கேட்டது.

ஒத்திகையால் பயனே இல்லை என்று கூறிவிட முடியாது. அன்னாள் சாலையில் இருந்ததால்தானே பஸ்ஸில் ஏற முடிந்தது என்று சாந்தம்மாளிடம் எடுத்துரைத்தேன். அன்னாள் வீட்டிலேயே இருந்திருந்தால் தாங்கள் சாலைக்கே வந்திருக்க வேண்டாம் என்கிறாள். விவாதத்தை அத்துடன் முடித்துக்கொண்டோம். இனி எக்காரணம் கொண்டும் ஒத்திகை நடத்துவதில்லை என்று அழகுத்தாயின் முன்னிலையில் வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடியைத் தொழிற்சாலையில் ஒப்படைத்தாயிற்று. விசில் குருவம்மாளின் கடைசிப் பையனிடம் இருக்கிறது, லயத்தில் யாரும் உறங்குவதில்லை. இப்போது காலையில் பேரனை வெயில் படும்படி மடியில் வைத்துக்கொள்ளும் வேலையை எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கு எந்தத் திட்டமும் தேவைப்படவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமானதாக இருக்கிறது. மூன்று மாதம் இல்லாவிட்டாலும் ஆவணி முடியும் வரையிலாவது அந்த வேலையை என்னிடம் விட்டுவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். என் பேச்சில் தங்களுக்கு நம்பிக்கை வரும் என்று நம்புகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கமும், மாப்பிள்ளைக்கு ஆசியும் உரித்தாகுக. தங்கள் ஏலக்காய்க்கு இந்தப் பருவம் நல்ல விலை வாய்க்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் அன்பும் நம்பிக்கையும் கோரும்,
சுருளிவேல்.

பின்குறிப்பு: கையொப்பமிட்ட பின் மை உலரும்வரை சும்மா இருக்க நேர்ந்தது. சென்ற வாரம் கீழ் லயத்தில் காட்டுயானை புகுந்து வாழையைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அது எங்கள் முன்வாசலில் வந்து நின்றால் குழந்தையை எவ்வழியாக வெளியே கொண்டுபோவது என்று ஓர் ஐயம் எழுந்தது. இதை ஒத்திகை என்று சொல்ல முடியாது, ஐயத்தை நீக்கிக்கொள்ளுதல் மட்டுமே. ஒரு தலையணையைப் பேரனின் துணியில் சுற்றி, பின்ஜன்னல் வழியாக, வெளியே நின்ற பெரியமுத்துவிடம் நீட்டினேன். அவர் பிடிக்கத் தவறினார். அது கீழே விழவும், குளித்துவிட்டு அழகுத்தாய் அப்பக்கம் வரவும் சரியாக இருந்தது. தலையணைதான் என்று உடனே தெரிவித்தேன். அவள் அலறி முடித்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த பிள்ளையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, தாயுடன் மத்தியான பஸ்ஸில் ஏறிவிட்டாள். மாலைக்குள் தங்கள் வீட்டில் இருப்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை அனுப்ப வேண்டாம். மேலே நான் கேட்டவை, வாக்களித்தவை, நிரூபித்தவை யாவும் ரத்து என்று கொள்ளவும். வீட்டில் சத்தமே இல்லை. தபாலில் சேர்த்தால் தாமதமாகும் என்பதால் இதை நானே அடுத்த பஸ்ஸில் கொண்டுவந்து தங்கள் கையில் கொடுத்துவிட்டு, தாங்கள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன். இவ்வரிகளைப் பஸ் நிறுத்தத்தில் நின்று எழுதுகிறேன். குடை வீட்டில் இருக்கிறது. எடுக்கத் திரும்பினால் பஸ் போய்விடும். அங்கே மழை பெய்துகொண்டிருந்தால், முன்பக்கங்களை விட்டுவிட்டு, தயவுசெய்து இந்தப் பின்குறிப்பிலிருந்து படிக்கத் தொடங்கவும்.