முசூரி வழியில் மூன்று மட்டன் கடைகள்

எட்டு வருஷம் தில்லியில் குப்பை கொட்டியவளுக்கு அந்த ஊரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள், என்னோடு முசூரிக்கு வராதவர்கள்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், ஒரு பங்குனியில், திண்டுக்கல்லிலிருந்து மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம் என்று ஒரு படையே வந்து இறங்கியது. இரண்டு கார்களில் மலை பார்க்கப் போவதென்று முடிவானது. சாப்பாட்டுக்கு எங்கெங்கே நிறுத்துவது என்பது என் பொறுப்பு. எனக்குச் சமைக்க வராது என்ற செய்தி அதற்குள் திண்டுக்கல் முழுக்கப் பரவியிருந்தது. நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்றாவது தெரியும் என நிரூபித்தாக வேண்டும் (மானப் பிரச்சினை!). தேடித் துருவி மூன்று தாபாக்களைப் பிடித்தேன். மூன்றும் மட்டனுக்குப் பேர்போனவை.

கிளம்பும்போது பார்த்தால், அத்தை டிக்கியில் தூக்குவாளி நிறையப் புளியோதரை ஏற்றியிருந்தார்.

"மட்டன் சாப்பிடப் போறோம், இது எதுக்கு அத்தை?"

நானே அதை இறக்கி, அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன்.

முதல் தாபா பூட்டியிருந்தது. இரண்டாவதில் தந்தூர் அடுப்பின் மேல் சாக்கு போர்த்தியிருந்தார்கள்.

"பையா, மட்டன்?" என்றேன்.

கடைக்காரர் பதறிப்போனார். "ராம் ராம், மேடம்ஜி! நவராத்ரே சல் ரஹே ஹை!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நவராத்திரியா? பங்குனியிலா? நம் ஊரில் புரட்டாசியில் கொலு வைத்துச் சுண்டல் கொடுத்தால் முடிந்தது. இங்கே பங்குனியிலும் ஒன்பது நாள் விரதம் உண்டாம். ஆபீசில் பக்கத்து சீட்டு அம்மணி நாலு நாளாகப் பழமும் மக்கானா என்கிற தாமரை விதைப் பொரியும் கொறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, 'பாவம், டயட்' என்று நினைத்த மகராசி நான்!

மூன்றாவது கடையில் விரதச் சாப்பாடு மட்டும்தான் இருந்தது. காலையிலிருந்து பட்டினி கிடந்த மாமா, ஏதோ மாவில் சுட்ட கறுத்த பூரியைப் பிய்த்து, வெங்காயம் பூண்டு இல்லாத உருளைக்கிழங்கோடு ஒரு வாய் வைத்தார். கண்களை மூடிக்கொண்டார்.

"ஏத்தா, அந்தப் புளியோதரை எங்க?"

"அடுப்படியில மாமா."

இமயமலையைப் பார்க்க வந்த ஒன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன மாதம், மறுபடி வந்திருந்த மாமாவை ரயிலேற்ற, எங்கள் வீடிருக்கும் முனிர்காவிலிருந்து டாக்ஸியில் கிளம்பினோம். ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரம்தான். அத்தை புளியோதரைத் தூக்குவாளியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"இன்னைக்கு தில்லியில என்ன விரதமோ, யாரு கண்டா?"

தமிழ் புரியாத டிரைவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நான் தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.