கடைசி வளைவில் ஒரு பூதம்

"பாதை நல்லா இருக்கு. தூக்கம் நல்லா வருது" என்று புயல் எழுதியிருந்தது. மாப்பிள்ளை அதை இரண்டு முறை படித்தார்.

மாமியார் வீட்டில் எல்லாரும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். எல்லாமே சதுரக் கட்டைகளால் ஆன ஒரு கணினி விளையாட்டு. மரம் கட்டை, மேகம் கட்டை, மேய்கிற ஆடும் கட்டை. அதில் கார் பந்தயப் பாதை அமைப்பது அவர் வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. புயல் என்ற பெயரில் எங்கோ உட்கார்ந்து ஆடிப் பார்க்கும் சோதனையாளர் இன்று மாலைக்குள் 'சரி' சொல்ல வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரையும் வீட்டுக்கு அனுப்ப முடியும் என்பது அவருக்கு அன்றுதான் உறைத்தது.

இது மாமியாருக்குத் தெரியாது. வேலை எப்போதோ நிரந்தரமாகிவிட்டதாக அவரிடம் சொல்லிவைத்திருந்தார்.

தூக்கத்தைக் கலைக்க, பாதையில் நான்கு ஆடுகளை விட்டார்.

"ஆடு நகர மாட்டேங்குது. ஹாரன் அடிச்சா திரும்பிப் பார்க்குது" என்றது புயல்.

ஆடு வராமல் இருக்க இருபுறமும் வேலி போட்டார். ஆடுகள் வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டன, காரோடு சேர்த்து. அவற்றை அப்புறப்படுத்தப் பாதையில் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"இப்ப எல்லாரும் மிதக்கிறோம். ஆடுதான் முதலிடம்."

மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பின்னறைக் கதவு திறந்து மாமியார் வந்தார். காதோரம் கறுப்பு டேப் சுற்றிய மூக்குக் கண்ணாடிக்கு மேலாக, இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, இப்படி வேர்க்குது? வேலை போயிடுச்சா?"

"சேச்சே, இல்ல அத்தை. வேலை கொஞ்சம் அதிகம்."

"உக்காந்த இடத்துல என்ன வேலையோ" என்று டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அம்மா சொல்றத மனசுல வச்சுக்காதீங்க. காலையிலேர்ந்து அவங்களும் யார் மேலயோ எரிஞ்சு விழுந்துட்டுதான் இருக்காங்க" என்றாள் மனைவி.

மேனேஜர் போனில் வந்தார்.

"புயல் கடுப்புல இருக்காங்க. பயந்துக்கிட்டே சிரிக்கற மாதிரி ஏதாவது வேணுமாம். உங்களுக்கு எதைப் பார்த்தா பயம்? அதையே கட்டுங்க."

மாப்பிள்ளை பின்னறைக் கதவைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். மனசாட்சி உறுத்தியது. ஆனால் வேலை போனால் அதை அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவரிடம்தான் முதலில் சொல்லியாக வேண்டும். அதை நினைத்ததும் கை தானாகவே கட்டத் தொடங்கியது.

கடைசி வளைவில் மலை உயரத்துக்கு ஒரு பூதம் எழுந்தது. இடுப்பில் இரண்டு கை. உச்சியில் கொண்டை. சதுரமாக ஒரு மூக்குக் கண்ணாடி, வலது காதோரம் ஒரு கறுப்புக் கட்டை. கார்கள் அதன் கால்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டும். பக்கத்தில் வந்தால் பூதம் குனிந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும். பார்த்தவுடன் கார் தானாக வேகம் குறைந்து ஓரமாகப் போகும். இந்தக் கடைசி விஷயத்துக்கு அவர் ரொம்ப யோசிக்கவில்லை, சொந்த அனுபவம்.

அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புயலிடமிருந்து சத்தமே இல்லை. பின்னறையிலிருந்து மாமியார் சிரிக்கும் சத்தம் கேட்டது. கல்யாணமானதிலிருந்து அவர் கேட்டிராத சத்தம். தங்கச்சியோடு போனில் பேசுகிறார் போலிருக்கிறது, அவருக்கென்ன கவலை என்று மாப்பிள்ளைக்குப் பொறாமையாக இருந்தது.

திரையில் ஒரே ஒரு வார்த்தை வந்து விழுந்தது. 'சரி.'

மேனேஜர் உடனே கூப்பிட்டார். "நிரந்தரம் பண்ணியாச்சு. நல்லா இருங்க."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பிச்சோம். அத்தைக்கு எதுவும் தெரிய வேணாம்" என்றார்.

பின்னறைக் கதவு திறந்தது. மாமியார் கண்ணாடியைக் கழற்றி, நிதானமாகத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரின்னு அனுப்பிட்டேன், மாப்பிள்ளை. ஆனா என் கண்ணாடியில டேப்பு இடது பக்கம்."